தரகருக்கு ஒரு வினாத்தாள்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் காணி வாங்க வருகிறவர் முதலில் சந்திப்பது உரிமையாளரை அல்ல, புரோக்கரை. பலாபத்வல–கலேவெல வீதியோரத்து மரங்களில் அறைந்திருக்கும் ‘காணி விற்பனைக்கு’ பலகைகளில் உள்ள தொலைபேசி இலக்கம் பெரும்பாலும் அவருடையதுதான். அவர் முச்சக்கரவண்டி ஓட்டுபவராக இருக்கலாம். அறுவடைக் காலத்தில் மிளகு வாங்கிச் சேர்ப்பவராக இருக்கலாம். ஓய்வுபெற்ற அரச ஊழியராகவும் இருக்கலாம். கையில் ஒரு கொப்பி, கைபேசியில் பத்துப் பதினைந்து காணிகளின் படம். விலையை முதலில் சொல்பவர் அவர். ‘உறுதி கிளியர், ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று சொல்பவரும் அவரே. வியாபாரம் முடிந்தால் வழக்கமாக 3 வீதம், சில வேளை இரண்டு பக்கத்திலும். உரிமையாளர் கேட்ட விலைக்கு மேல் எவ்வளவு வந்தாலும் மிச்சம் தரகருக்கு என்ற ஏற்பாடும் ஊர்களில் நடக்கிறது.

இவர் எந்தப் பரீட்சையும் எழுதியவரல்லர். எழுத வேண்டும் என்று இலங்கையில் சட்டமும் இல்லை. அதே காணியைத் தொடும் மற்ற எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். உறுதி முடிக்கும் நொத்தாரிசு சட்டப் பரீட்சைகளைக் கடந்து, உறுதி எழுதும் பாடத்திலும் சித்தியடைந்து வந்தவர். காணியை அளக்கிற சேர்வயர் 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டியவர். மதிப்பீட்டாளர்களுக்கென்று 1975ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிறுவகமே இருக்கிறது. ஆனால் இவர்கள் மூவரும் களத்துக்கு வருவது வாங்குபவர் மனத்தில் முடிவெடுத்து, அநேகமாக முற்பணமும் கொடுத்த பிறகு. முடிவெடுக்க வைத்த மனிதருக்குத்தான் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

சட்டம் தரகரை அறவே கண்டுகொள்ளவில்லை என்றும் சொல்ல முடியாது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டம், வாடிக்கையாளருக்காகக் காணி வாங்கி விற்கும் முகவர்களைப் பெயர் சொல்லியே தன் வலைக்குள் கொண்டுவருகிறது. வாங்குபவர் யாரென்று அடையாளம் காண வேண்டும். சந்தேகமான பணம் என்றால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். 2017 முதல் 2019 வரை நாடு பணச்சலவைத் தடுப்புக்கான சர்வதேசச் சாம்பல் பட்டியலில் இருந்த காலத்தில், 2018இல், இதற்கான விதிகள் இன்னும் இறுகின. ஆக, கறுப்புப் பணத்தைக் கண்டுபிடிக்கும் கடமை தரகருக்கு உண்டு. ஓர் உறுதியைச் சரியாக வாசிக்கத் தெரிந்திருக்கும் கடமை இல்லை. இந்தத் தலைகீழ் நிலைமையைப் பல்லேபொலத் தரகரிடம் சொன்னால் அவர் முதலில் சிரிப்பார். அப்படி ஒரு கடமை தனக்கு இருப்பதையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

பரீட்சை வைத்தால் என்ன என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. உள்ளூரில் முன்மாதிரி இல்லாமலில்லை. காப்புறுதி முகவராகச் சேர விரும்புகிறவர், காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் விதிப்படி, சேர்வதற்கு முன் ஒரு பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சில ஆயிரம் ரூபாய் தவணைப் பணம் வாங்குபவருக்கு இது தேவை என்றால், ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பைக் கைமாற்றி வைப்பவருக்குத் தேவையில்லையா என்று கேட்பது நியாயம். எதிர்த்தரப்புக்கும் ஆதாரம் உண்டு. நம் காணிச் சட்டத்தில் பாதியை எழுதித் தந்த இங்கிலாந்தில் 1979 முதல் வீட்டு முகவர் சட்டம் இருக்கிறது. உரிமமோ பரீட்சையோ இல்லை. 2019இல் பெஸ்ட் பிரபுவின் தலைமையில் இயங்கிய குழு கட்டாயத் தகுதி வேண்டும் என்று பரிந்துரைத்தும் அது சட்டமாகவில்லை. அங்கே வீடு விற்பனை நின்றுபோகவும் இல்லை.

பரீட்சை வைத்த நாடுகளில் எல்லோரும் முதலில் பார்க்கும் எண் சித்தி வீதம். நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்பதை வைத்துப் பரீட்சை ‘கடினம்’, ‘லேசு’, ‘தரமானது’, ‘கண்துடைப்பு’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்த எண்ணை அவ்வளவு நம்பலாமா என்பதற்கு ஜப்பானின் கதையே போதும்.

ஜப்பானில் காணி, கட்டட வியாபாரத்துக்கான சட்டம் 1952இல் வந்தது. பரீட்சை 1958இல் தொடங்கியது. முதலாண்டில் எழுதியோரில் 93 வீதமானோர் சித்தியடைந்தார்கள். இன்று அதே பரீட்சையில் தேறுவோர் 15 முதல் 19 வீதம் வரைதான். 2023இல் 233,276 பேர் எழுதி 40,025 பேர் தேறினார்கள், 17.2 வீதம். அறுபது ஆண்டுகளில் ஜப்பானியர் மூளை மழுங்கிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1958இல் அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களைப் பதிவுக்குள் கொண்டுவருவது. கதவை அகலத் திறந்தார்கள். எல்லோரும் உள்ளே வந்த பிறகு மெல்லச் சாத்தினார்கள்.

எப்படிச் சாத்துகிறார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. ஐம்பது பல்தேர்வு வினாக்கள். இத்தனை புள்ளி எடுத்தால் சித்தி என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. 2015இல் 31 புள்ளி போதுமாக இருந்தது; 2020 ஒக்டோபரில் 38 வேண்டியிருந்தது. வினாத்தாள் லேசானால் சித்திக் கோடு உயர்கிறது, கடினமானால் இறங்குகிறது. தேறுவோர் பங்கு மட்டும் அசையாமல் நிற்கிறது. 2015இல் 35 எடுத்தவர் தேறியவர், 2020இல் 35 எடுத்தவர் தோற்றவர். இந்தச் சித்தி வீதத்தைப் பரீட்சார்த்தியின் அறிவுக்கு அளவுகோல் என்று எப்படிக் கொள்வது? அது கதவின் அகலம். அகலத்தைத் தீர்மானிப்பது தச்சன், உள்ளே நுழைகிறவன் அல்ல.

தென்கொரியாவில் இந்தத் தச்சு வேலை ஒருமுறை பிசகிப்போனது. அங்கே 1983இல் சட்டம் நிறைவேறி, 1985இல் முதல் தரகர் பரீட்சை நடந்தது. அதுவரை தெருமுனைச் சிறு கடைகளில், பெரும்பாலும் வயதான ஆண்கள் நடத்திவந்த தொழில் அது. முதல் பரீட்சையில் 60,277 பேர் தேறினார்கள். எழுதியவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. பின்னர் 2004இல் வந்த வினாத்தாளில் சித்தியடைந்தோர் 1 வீதத்தை ஒட்டியே இருந்தார்கள். பரீட்சார்த்திகள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் மேலதிகப் பரீட்சை ஒன்றை நடத்த வேண்டியதாயிற்று. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தேறினார்கள். இரண்டு பரீட்சைகளுக்கும் இடையில் கழிந்தது சில மாதங்கள்தான். அந்தச் சில மாதங்களில் நாட்டின் தரகர் அறிவு முப்பது மடங்கு பெருகிவிட்டதா?

கொரியாவில் இன்னொன்றும் கவனிக்கலாம். இதுவரை சித்தியடைந்து சான்றிதழ் வைத்திருப்போர் ஐந்து இலட்சத்துக்கு மேல்; அலுவலகம் திறந்து தொழில் செய்வோர் சுமார் ஒரு இலட்சம். வேலை போன நடுவயதுக்காரர்களும் இல்லத்தரசிகளும் ‘எதற்கும் ஒன்று கையில் இருக்கட்டும்’ என்று எழுதும் பரீட்சையாக அது மாறிவிட்டது. நடுவயதினரின் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை என்று கேலியாகச் சொல்வார்கள். இப்படி எழுதுகிறவர்களில் எத்தனையோ பேர் முழுதாகப் படிக்காமல் வந்து உட்காருகிறவர்கள். சித்தி வீதம் குறைவதில் அவர்களுக்கும் பங்குண்டு. வினாத்தாளின் கடுமை மட்டும் காரணமல்ல.

ஹொங்கொங், சிங்கப்பூர் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஹொங்கொங்கில் 1997இல் சட்டம் வந்து, 1999 முதல் உரிமம் கட்டாயமானது. முகவர், விற்பனையாளர் என இரண்டு பரீட்சைகள். பல அமர்வுகளில் பாதிக்கும் குறைவானவர்களே தேறுகிறார்கள், ஆணையம் அந்த வீதங்களைத் தானே வெளியிடுகிறது. சிங்கப்பூரில் 2010இல் வீட்டு முகவர் சட்டமும் ஒழுங்குபடுத்தும் மன்றமும் வந்தன. சாதாரண தரத்தில் நான்கு பாடச் சித்தி, 60 மணிநேர வகுப்பு, இரண்டு வினாத்தாள், ஒவ்வொன்றிலும் 60 புள்ளி. அங்கே என்னைக் கவர்வது பரீட்சையைவிட அதற்குப் பின்னால் நிற்கும் இரண்டு விதிகள். ஒரே வியாபாரத்தில் இரு தரப்புக்கும் முகவராக இருக்க முடியாது. வீடு, காணி விற்பனையில் வாடிக்கையாளரின் பணத்தைக் கையில் வாங்கவும் கூடாது. பல்லேபொலவில் தரகரின் வருமானத்தில் கணிசமான பகுதி இந்த இரண்டு வழிகளிலேயே வருகிறது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனி உலகம். கலிபோர்னியா 1917இலேயே உரிமச் சட்டம் கொண்டுவந்தது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ய, 1919இல் திருத்தி மறுபடி கொண்டுவந்தது. இப்போது அங்கே 135 மணிநேரப் படிப்பு, 150 வினா, 70 வீதம் எடுத்தால் சித்தி. டெக்சாசில் 180 மணிநேரம். புளோரிடாவில் 63 மணிநேரம்தான், ஆனால் 75 வேண்டும். எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அளவுக்கே பல மாநிலங்களில் ஒரு தடவையில் தேறுகிறார்கள். மூன்று மடங்கு நேரம் படித்தவர்கள் மூன்று மடங்கு தேறுவதில்லை.

இந்தப் ‘பாதி’ என்ற எண்ணை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர் எழுதுகிறார்கள், ஐம்பது பேர் சித்தி. மீதி ஐம்பது பேரும் மறுபடி எழுத, அதிலும் பாதி தேறினால் இருபத்தைந்து. மூன்றாம் முறை பன்னிரண்டு, நான்காம் முறை ஆறு. நான்கு அமர்வு முடிய நூறில் தொண்ணூற்று மூன்று பேர் உரிமம் பெற்றுவிட்டார்கள். ஒவ்வொரு அமர்விலும் அறிவிக்கப்பட்ட சித்தி வீதம் 50 அல்லது அதை ஒட்டி. எத்தனை முறையும் எழுதலாம் என்ற இடத்தில் பரீட்சை யாரையும் விலக்குவதில்லை, தாமதப்படுத்துகிறது; கட்டணத்தைப் பலமுறை வாங்குகிறது. விலக்கப்படுவது கட்டணம் கட்ட முடியாதவரும், பொறுமை இழந்தவரும். நம் ஊரில் சாதாரண தரப் பெறுபேறுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதல்ல. ‘முதல் முறை தோற்றியோர்’ என்று தனிப் பத்தி இல்லாத எந்தச் சித்தி வீதமும் பாதிக் கதைதான்.

இந்தியாவில் நடந்ததுதான் நமக்கு மிகக் கிட்டிய பாடம். 2016ஆம் ஆண்டின் ரேரா (கட்டட, காணி விற்பனை ஒழுங்குபடுத்தல்) சட்டம், பதிவு செய்யாத முகவர் புதிய கட்டடத் திட்டங்களில் விற்பனைக்குத் துணைபோகக் கூடாது என்றது. பதிவுக்குக் கட்டணமும் ஆவணமும் போதும், பரீட்சை இல்லை. மகாராஷ்டிர ரேரா ஆணையம் 2023இல் பயிற்சியும் பரீட்சையும் கட்டாயம் என்றது. 2023 மே 20 அன்று நடந்த முதல் பரீட்சையில் 423 பேர் எழுதி 405 பேர் தேறினார்கள்; கிட்டத்தட்ட 96 வீதம். ஜப்பானின் 1958 நினைவுக்கு வருகிறது அல்லவா? ஆனால் அடுத்த ஆண்டின் இறுதியில் அதே ஆணையம், சான்றிதழ் எடுக்காத சுமார் 20,000 முகவர்களின் பதிவை இடைநிறுத்தியது. அந்த 20,000 பேர் எந்தச் சித்தி வீதத்திலும் இல்லை. அவர்கள் தோற்கவில்லை, எழுதவேயில்லை. பரீட்சைக்கு வராதவரை எந்தப் புள்ளிவிபரமும் தோல்வி என்று கணக்கிடுவதில்லை. ஆனால் தொழிலில் இருந்த முகவர்களில் பெரிய கூட்டம் அவர்கள்தான். பல்லேபொலவில் நாளைக்குப் பரீட்சை வந்தால் முதலில் நடக்கப்போவதும் இதுதான். கொப்பியும் கைபேசியும் வைத்திருப்பவர் மண்டபத்துக்கு வர மாட்டார். ‘நான் புரோக்கர் இல்லை, தெரிந்தவர் என்று அறிமுகம் செய்து வைத்தேன், சந்தோஷத்துக்கு ஏதோ தந்தார்கள்’ என்பார்.

பொருளாதார அறிஞர்கள் இந்த விடயத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். வாங்குபவருக்குத் தெரியாதது விற்பவருக்குத் தெரிந்திருக்கும் சந்தையில் நல்ல சரக்கு மெல்ல மறைந்துபோகும் என்று 1970இல் ஜோர்ஜ் அகெர்லோஃப் காட்டினார். உரிமம் அதற்கு ஒரு மருந்து என்பது ஒரு கட்சி. மில்டன் ஃப்ரீட்மன் முதல் மோரிஸ் க்ளைனர் வரை மறுகட்சி: உரிமம் வாங்குபவரைக் காப்பதைவிட, ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் வருமானத்தைக் காப்பதே அதிகம் என்கிறார்கள். நான் இதில் இரண்டாம் கட்சிக்காரர்களின் சந்தேகத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. சித்தி வீதம் குறையக் குறைய யாருக்கு இலாபம் என்று அவர்கள் கேட்பது சரியான கேள்வி. ஆனால் காணி என்பது தினம் வாங்கும் பொருளல்ல. ஏமாந்தவர் அடுத்த முறை வேறு கடைக்குப் போகலாம் என்ற சமாதானம், ஆயுளில் ஒருமுறை பத்துப் பேர்ச்சஸ் வாங்குபவருக்குச் செல்லாது.

அப்படியென்றால் பரீட்சையில் என்ன கேட்பது? இதுதான் சித்தி வீதத்தைவிடப் பெரிய விடயம். மாத்தளையின் ஒரு பழைய உறுதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். காணியின் அளவு ஏக்கரில் இருக்காது. ‘நெல் இரண்டு பெல விதைப்பு’, ‘குரக்கன் ஐந்து லாஹ விதைப்பு’ என்று விதைக்கும் தானியத்தின் அளவில் இருக்கும். ஓர் அமுணம் நான்கு பெல, நாற்பது லாஹ; நெல் அமுணம் இரண்டு முதல் இரண்டரை ஏக்கர் என்பார்கள், ஆனால் அது மண்ணுக்கு மண், ஊருக்கு ஊர் வேறுபடும். எல்லை: கிழக்கே ஓடை, மேற்கே இன்னாரின் வேலி, வடக்கே பலா மரம். பலா மரம் எப்போதோ விறகாகியிருக்கும். இப்படிப்பட்ட உறுதியைக் காட்டி ‘அறுபது பேர்ச்சஸ்’ என்று தரகர் விலை பேசுகிறார். சேர்வயர் வந்து அளந்தால் ஐம்பத்திரண்டு வரும். 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர் என்று தரகருக்குத் தெரியும். உறுதியில் உள்ள அளவு எந்த அளவு என்பதுதான் தெரியாது. குறைந்த எட்டுப் பேர்ச்சஸுக்கும் முற்பணம் போயிருக்கும்.

அடுத்தது கண்டியச் சட்டம். மாத்தளை கண்டிய மாகாணங்களைச் சேர்ந்தது. தகப்பன் மூத்த மகனுக்கு நன்கொடை உறுதி எழுதுகிறார். 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, கண்டியர் ஒருவர் கொடுத்த நன்கொடையை, சில விதிவிலக்குகள் தவிர, வாங்கியவர் சம்மதமில்லாமலே திரும்பப் பெறலாம். ரத்துச் செய்யும் உரிமையை வெளிப்படையாகக் கைவிட்டிருந்தால்தான் அது கட்டும். மூத்தவன் கவனிக்கவில்லை என்று தகப்பன் அதை ரத்துச் செய்து இளையவனுக்கு எழுதியிருப்பார். மூத்தவன் கையில் பழைய உறுதி முத்திரையோடு அழகாக இருக்கும். தரகர் அதைத்தான் பார்ப்பார். மாத்தளைக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவுப் பக்கத்தைத் தேடிப் பார்த்தால் ரத்து அதே பக்கத்தில் பதிவாகியிருக்கும். இந்தத் தேடுதலை முற்பணத்துக்கு முன் செய்ய வேண்டுமா, பின் செய்ய வேண்டுமா என்ற ஒற்றை வினா, ஐம்பது சட்டப் பிரிவுகளை மனனம் செய்வதற்குச் சமம். முஸ்லிம் குடும்பத்துக் காணியென்றால் 1931ஆம் ஆண்டின் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி பங்குகள் வேறு விதமாகப் பிரியும். தேசவழமையை மட்டும் கேள்விப்பட்டுவிட்டு வடக்கிலிருந்து காணி வாங்க வருபவருக்கு இவை எல்லாமே புதிது.

அரச காணி இன்னொரு வகைக் கண்ணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமும் அளிப்புப் பத்திரமும் பெற்ற குடும்பங்கள் மாத்தளை மாவட்டம் முழுக்க இருக்கின்றன. ஜயபூமி, சுவர்ணபூமி என்று பெயர் சொல்லித் தெரியும். முன்கூட்டி எழுத்து மூலம் சம்மதம் இல்லாமல் அவற்றைக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லுபடியாகாது. 1972 காணிச் சீர்திருத்தத்தில் ஆணைக்குழுவுக்குப் போன காணி, விகாரைக்குச் சொந்தமான காணி, கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் நிரப்பக் கூடாத வயல், வாரிசுகள் இன்னும் பிரித்துக்கொள்ளாத பொதுக் காணி என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதவு, ஒவ்வொரு அலுவலகம். தோட்டத்து லயத்திலிருந்து ஏழு பேர்ச்சஸ் வீட்டுக்குப் போன குடும்பங்கள் தங்கள் காணிக்கு உறுதி கேட்டு நடையாய் நடக்கும் மாவட்டத்தில், உறுதி என்றால் எது என்று தரகருக்குத் தெரிந்திருப்பது ஆடம்பரமல்ல. நிலச்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. சரிவில் காணி காட்டும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் நடப்பது முற்பணக் கதைதான். பாடசாலைக் கொப்பியில் கிழித்த ஒரு தாள். ‘இன்ன காணிக்கு இவ்வளவு முற்பணம் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, முத்திரை ஒட்டி, கையொப்பம், சாட்சியாகத் தரகர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். அந்தத் தாளை வைத்துக் காசைத் திருப்பிக் கேட்டு வழக்காடலாம், காணியைக் கேட்க முடியாது. சட்டம் வந்து நூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இப்படித் தாள் எழுதும் வழக்கம் நிற்கவில்லை. இதைத் தரகர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட மாட்டேன். பலருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாமையைப் பரீட்சை தீர்க்கும். கள்ளத்தனத்தைத் தீர்க்காது, அதற்கு வேறு மருந்து வேண்டும்.

அந்த வேறு மருந்தை ஜப்பானில்தான் தெளிவாகப் பார்க்கிறேன். அங்கே சித்தியடைந்து பதிவு செய்தவரால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. ஒப்பந்தத்துக்கு முன், காணியைப் பற்றிய முக்கிய விடயங்களை எழுத்தில் கொடுத்து, தன் அடையாள அட்டையைக் காட்டி, வாங்குபவருக்கு விளக்க வேண்டும். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஐந்து பேருக்கு ஒருவராவது அப்படிப்பட்டவராக இருக்க வேண்டும். பரீட்சை ஒரு பட்டமாக நிற்காமல் ஒரு கையொப்பமாக மாறுவது இங்கேதான். பல்லேபொலவுக்கு நான் கேட்பதும் இதையே: ஒரு பக்கத் தாள். உறுதியின் வகை என்ன, இலக்கம் என்ன, வரைபடம் யார் எப்போது வரைந்தது, பதிவகத்தில் தேடிய திகதி, பாதை யாருடைய காணி வழியே, பங்காளிகள் எத்தனை பேர், எந்த அலுவலகத்தின் சம்மதம் தேவை. கீழே தரகரின் பெயரும் பதிவு இலக்கமும். பொய் எழுதினால் பதிவு போகும். இந்தத் தாளை நிரப்பத் தெரிகிறதா என்பதே பரீட்சை. புத்தகத்தைப் பார்த்து எழுத விட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. தொழிலிலும் பார்த்துத்தானே எழுதப்போகிறார்.

சித்தி வீதம்? முதல் ஐந்தாண்டுகளுக்கு அது தொண்ணூறைத் தாண்டினாலும் நல்லதே. ஐம்பத்தைந்து வயதுத் தரகரை முதல் நாளே வெளியே தள்ளினால் அவர் தொழிலை விட மாட்டார், பதிவைத்தான் விடுவார். மகாராஷ்டிரத்தின் இருபதாயிரம் அதைத்தான் சொல்கிறது. ஊரில் எந்தக் காணிக்கு எந்தப் பங்காளி சண்டை பிடிப்பார் என்று நொத்தாரிசுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்த அறிவைப் பதிவுக்குள் வைத்திருப்பது நாட்டுக்கு இலாபம். பின்னர் சித்திக் கோட்டை உயர்த்தலாம். ஆனால் ஜப்பானைப் போலத் தேறுவோர் பங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு கோட்டை ஏற்றி இறக்குவதை நான் விரும்பவில்லை. இத்தனை தெரிந்தால் சித்தி என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்தால் எல்லோரும் தேறட்டும்.

பரீட்சை எந்த மொழியில் என்பது நம்மவருக்கு வேறு எல்லாவற்றையும்விட முன்னால் நிற்கும் கேள்வி. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு 2020 இறுதியில் ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்ததும், 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதைத் தோற்கடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். மொழியை மாற்றினால் வினாத்தாளில் ஓர் எழுத்தையும் மாற்றாமலே சித்தி வீதத்தை மாற்றிவிடலாம் என்பதை அந்தச் சர்ச்சையில் இரு தரப்பினரும் நன்றாக அறிந்திருந்தார்கள். பல்லேபொலவின் உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கின்றன. தமிழ் பேசும் தரகர் சிங்கள உறுதியைப் பேச்சறிவை வைத்து வாசித்து ஒப்பேற்றுகிறார். ஆகவே வினாக்கள் தமிழில், வாசிக்கக் கொடுக்கும் மாதிரி உறுதி சிங்களத்தில் என்று வைப்பதே தொழிலுக்கு நேர்மையானது. சிங்களத் தரகருக்கும் ஒரு தமிழ் உறுதியை வாசிக்கக் கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும். தம்புள்ளைக்கு அப்பால் வடக்கே வியாபாரம் செய்பவருக்கு அது உதவவும் செய்யும்.

பரீட்சை என்றால் வகுப்பு வரும், வகுப்பு என்றால் சுவரொட்டி வரும். மாத்தளையிலும் கண்டியிலும் மதில்களில் ‘காணித் தரகர் பரீட்சை – 100 வீத சித்தி’ என்று ஆசிரியரின் படத்தோடு ஒட்டப்போகிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் ஒவ்வொரு பயிற்சி நிறுவனத்திலும் படித்து முதல் முறை எழுதியவர்களில் எத்தனை வீதம் தேறினார்கள் என்பதை உரிம ஆணையமே வெளியிடுகிறது. நிறுவனம் தன் வாயால் சொல்லும் எண்ணுக்கு அங்கே மதிப்பில்லை. நம் ஒழுங்குவிதியை எழுதுகிறவர்கள் பரீட்சைக் கட்டணம், பதிவுக் கட்டணம் எல்லாம் எழுதி முடித்த பிறகு இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்: சுவரொட்டியில் சித்தி வீதத்தை அச்சிடுகிறவர், அதே அளவு எழுத்தில், வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், முதல் முறை எழுதியவர் எத்தனை பேர், எழுதப் போகாமலே விட்டவர் எத்தனை பேர் என்பதையும் அச்சிட வேண்டும்.